நடு ஸ்பீக்கர்

ஓசூரில் ஹோம் தியேட்டர் வாங்கிய யாரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "பின்னாடி ரெண்டு ஸ்பீக்கர்ல சத்தமே வரலையே, ஏன்?" சாஃப்ட்வேரில் வேலை பார்ப்பவனுக்கு ஒயர் இணைக்கவும் தெரியும் என்ற நம்பிக்கை எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறது. அதனால் சித்தப்பா முதல் பால்காரர் மகன் வரை பலரும் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

பதில் பெரும்பாலும் டிவிக்குள்ளேயே இருக்கும். டிவிக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் போட்டிருப்பார்கள். ஆனால் 'ஏ.ஆர்.சி.' என்று எழுதியிருக்கும் துளையில் போட்டிருக்க மாட்டார்கள். 2009இல் வந்த ஹெச்.டி.எம்.ஐ. 1.4இல் சேர்ந்த வசதி அது. மற்ற துளைகளில் சத்தம் டிவிக்குள் போகும். அந்த ஒரு துளையில் மட்டும் வெளியேயும் வரும். சரியான துளையில் போட்டிருந்தால், ஆடியோ அவுட்புட் 'பி.சி.எம்.' என்று இருக்கும். அப்படி இருந்தால் பல டிவிகள் ஆறு சேனலையும் இரண்டாகச் சுருக்கித்தான் அனுப்பும். 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ் த்ரூ' என்று மாற்றியதும் சோஃபாவுக்குப் பின்னால் மழை பெய்யத் தொடங்கும். அப்படியும் பெய்யவில்லை என்றால், அவர்கள் போட்டிருப்பது யூடியூபில் யாரோ ஏற்றிய படமாக இருக்கும். அதில் இரண்டே சேனல்தான். இல்லாத சத்தத்தை எந்த ஒயரும் கொண்டுவராது.

நடு ஸ்பீக்கரைப் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. டிவிக்குக் கீழே படுத்திருக்கும் அந்த நீளப் பெட்டியை, இடம் போதவில்லை என்று சிலர் அலமாரிக்குள் தள்ளிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் மொத்த செட்டும் அந்த ஒரு பெட்டிக்காகத்தான் வாங்கப்பட்டது.

*

'சரவுண்ட்' என்ற சொல் வருவதற்கு முன்பே எங்கள் ஊருக்கு அந்தச் சத்தம் வந்துவிட்டது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்து வந்து, சாயங்காலம் வாசல் திண்ணையில் சால்டரிங் அயர்னைச் சூடேற்றும் அண்ணன் ஒருவர் தெருவுக்குத் தெரு இருந்தார். ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ படித்தவர்கள். சென்னை ரிச்சி தெரு எங்களுக்கு 300 கிலோமீட்டர். பெங்களூர் எஸ்.பி. ரோடு 40 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டி, மார்க்கெட்டில் இறங்கி நடந்தால் போதும். 4440 போர்டு, 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், வால்யூம் கன்ட்ரோல் எல்லாம் ஒரு துணிப்பையில் வந்துசேரும். கடைக்காரரிடம் கன்னடத்தில் பேரம், திண்ணையில் தமிழில் வேலை, வாங்க வந்தவரிடம் தெலுங்கில் விலை. ஓசூரில் இது ஒரு திறமையாகவே கருதப்படாது.

எங்கள் தெரு அண்ணனுக்கு ஒரு வித்தை தெரியும். முன்னால் இரண்டு ஸ்பீக்கரையும் வழக்கம்போலக் கட்டுவார். பின்னால் வைக்கும் ஸ்பீக்கருக்கு மைனஸே கொடுக்க மாட்டார். அதன் ஒரு முனை இடது சேனலின் பிளஸ்ஸில் இருக்கும், மறுமுனை வலது சேனலின் பிளஸ்ஸில். "ரெண்டு பிளஸ்ஸயும் புடிச்சுக் கட்டுனா எக்கோ தானா வரும் பாரு" என்பார். வந்தது. பாட்டின் வயலின்கள், கோரஸ், கைதட்டல் எல்லாம் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டன. பாடகரின் குரல் மட்டும் பின்னால் வரவில்லை.

அமெரிக்காவில் டேவிட் ஹாஃப்லர் என்பவர் 1970களில் பரப்பிய இணைப்பு முறை இது என்று பொறியியல் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். கணக்கு எளியது. இரண்டு பிளஸ்ஸுக்கு நடுவே கட்டிய ஸ்பீக்கரில், இடதுக்கும் வலதுக்கும் இருக்கும் வித்தியாசம் மட்டுமே ஒலிக்கும். இரண்டிலும் ஒரே அளவில் இருப்பது ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். பாட்டில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருப்பது பாடகரின் குரல். படத்தில் வசனம். பின்னணிக்கு ஓரங்கள் போதும். பேச்சுக்கு நடு வேண்டும் என்பதை அந்தத் திண்ணையில்தான் முதலில் கேட்டேன்.

தியேட்டர்காரர்களுக்கு இது எப்போதோ தெரிந்திருந்தது. தமிழில் ஸ்டீரியோவில் பாடல் பதிவான முதல் படம் 'ப்ரியா', 1978. ஆறு டிராக் ஸ்டீரியோவோடு 70 எம்.எம்.மில் வந்தது 'மாவீரன்', 1986. 1995இல் 'குருதிப்புனல்' டால்பிக்கு வந்தது. அடுத்த வருடம் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ்.ஸைக் கொண்டுவந்தது. டி.டி.எஸ். என்பது உண்மையில் விசித்திரமான ஏற்பாடு. பிலிமில் டிஜிட்டல் சத்தம் இருக்காது. ஓரத்தில் நேரக்குறிப்பு மட்டும் இருக்கும். சத்தம் தனியாக சி.டி.யில் இருக்கும். குறிப்பைப் படித்துப் படித்து சி.டி. பின்தொடர்ந்து ஓடும். 1993இல் 'ஜுராசிக் பார்க்'கோடு வந்த அந்த மூன்று எழுத்துகள் சில வருடங்களில் எங்கள் பக்கத்து போஸ்டர்களில் நாயகன் பெயருக்குப் போட்டியாகப் பெரிதாயின. பிறகு டூரிஸ்ட் வேனிலும் எழுதினார்கள், டவுன் பஸ்ஸிலும் எழுதினார்கள். அங்கே அதற்கு அர்த்தம் 'சத்தம் ஜாஸ்தி' என்பதுதான்.

தியேட்டரில் எத்தனை ஸ்பீக்கர் சுவரில் தொங்கினாலும் வசனம் திரைக்குப் பின்னால், நடுவிலிருந்து வரும். காரணம் ஓரத்து சீட்கள். இரண்டே ஸ்பீக்கரில் குரலைச் சம அளவில் கொடுத்தால், சரியாக நடுவில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே அது திரையின் நடுவிலிருந்து வருவதாகத் தோன்றும். இடது ஓரத்தில் இருப்பவருக்கு இடது ஸ்பீக்கரின் சத்தம் சில மில்லி நொடிகள் முந்தி வரும். காது முதலில் வந்ததையே நம்பும். திரையின் நடுவில் நிற்கும் நாயகி இடது சுவரிலிருந்து பேசுவாள். நடுவில் ஒரு ஸ்பீக்கரை வைத்து வசனத்தை அதற்கே கொடுத்துவிட்டால், எந்த சீட்டில் இருந்தாலும் அவள் வாய் இருக்கும் இடத்திலிருந்தே குரல் வரும்.

*

அப்பா 1980களின் நடுவில் திருப்பத்தூர் பக்கத்து கிராமம் ஒன்றிலிருந்து ஓசூருக்கு வந்தவர். அப்போது இது தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது 2004இல்தான். சிப்காட்டில் லாரியும் மொபெட்டும் ஓடத் தொடங்கியிருந்தன, கைக்கடிகாரம் வரவிருந்தது. சுற்றிலும் சின்னச் சின்னப் பட்டறைகள் முளைத்தன. அப்படி ஒரு பிரஸ் ஷாப்பில் அப்பா சேர்ந்தார். தகட்டை டையின் மேல் வைத்து பெடலை மிதித்தால் மேலிருந்து ராம் இறங்கும். ஒரு அடி, ஒரு பீஸ். ஷெட்டில் பன்னிரண்டு பிரஸ். 31 வருடம்.

காதுக்கு என்ன கொடுத்தார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "காட்டன் வேஸ்ட்" என்றார். கை துடைக்கக் கொடுக்கும் நூல் கழிவில் கொஞ்சம் பிய்த்து, உருட்டி, காதில் வைத்துக்கொள்வார்களாம். கடைசிச் சில வருடங்களில் பிளக் வந்ததாம். வருடத்துக்கு ஒருமுறை மெடிக்கல் செக்கப்பும் உண்டு. "பின்னாடி நின்னு பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்க. திரும்புனா காது நல்லாருக்குன்னு எழுதிக்குவாங்க."

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அப்பா இன்றைக்கும் திரும்புவார். அதனால்தான் எங்களுக்கும் வெகுநாள் புரியவில்லை. டிவியின் வால்யூம் 20இலிருந்து 30க்கும், 30இலிருந்து 50க்கும் ஏறியது. அம்மா ஹாலை விட்டு சமையலறைக்குக் குடிபோனார். "உங்கப்பாகிட்ட சொல்லு, தெருவே கேக்குது" என்பார். சொன்னால் அப்பா குறைப்பார். குறைத்த பிறகு படத்தைப் பார்க்காமல் எங்கள் முகத்தைப் பார்ப்பார். வடிவேலு காட்சியில் நாங்கள் சிரித்த அரை நொடிக்குப் பிறகு அவர் சிரிப்பார். அந்த அரை நொடியை நான் கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனோம்.

ஆடியோகிராம் என்ற அந்தத் தாளை என் போன்ற ஆட்கள் உடனே படித்துவிடலாம். எங்களுக்கு அது ஒரு கிராஃப். குறுக்கே 250இலிருந்து 8000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண். நெடுக்கே, கேட்பதற்கு எத்தனை டெசிபல் தேவைப்பட்டது என்ற அளவு. அப்பாவின் கோடு தாழ்ந்த சுருதிகளில் கிட்டத்தட்ட நேராக வந்து, 2000ஐத் தாண்டியதும் சரிந்து, 4000இல் பள்ளத்தில் விழுந்து, 8000இல் கொஞ்சம் ஏறியது. தாளைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எந்த ஃபேக்டரி?" இரைச்சல் தின்ற காதில் 4000இல் பள்ளம் விழும். வயதால் மட்டும் குறைந்த காதில் கோடு கடைசிவரை சரிந்துகொண்டே போகும். 1886இல் கிளாஸ்கோவில் தாமஸ் பார் என்ற மருத்துவர் பாய்லர் செய்யும் தொழிலாளர்களைச் சோதித்து, அவர்கள் காதுகள் எவ்வளவு கெட்டுப்போயிருக்கின்றன என்று எழுதிவைத்தார். ஓசூரில் சிப்காட் வருவதற்கு ஏறக்குறைய 90 வருடம் முன்னால்.

4000இல் என்ன இருக்கிறது? தமிழ் இலக்கணம் எழுத்துகளை உயிர், மெய் என்று பிரித்து, உயிருக்கு ஒன்றோ இரண்டோ மாத்திரையும் மெய்க்கு அரை மாத்திரையும் கொடுக்கிறது. ஒலியியலும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் கோடு போடுகிறது. ஆ, ஓ, ஊ போன்ற உயிர்களின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்குக் கீழேயும் இருக்கிறது. நீளமானவை, உரத்தவை. க், ச், ட், த், ப் போன்ற வல்லின மெய்கள் ஒரு கணம் வெடித்து மறைபவை. ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளம் பெரும்பாலும் 2000க்கு மேலே, மெலிதாக இருக்கிறது. அப்பாவின் காதில் உயிர் விழுகிறது, மெய் விழவில்லை. 'கட்டு', 'தட்டு', 'பட்டு' மூன்றும் அவருக்கு ஒரே சொல்லின் நிழல்கள். யாரோ பேசுகிறார்கள் என்பது தெளிவாகக் கேட்கிறது. என்ன பேசுகிறார்கள் என்பது கேட்கவில்லை. "கேக்குது, புரியல" என்று அவர் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் மறதி என்றும் கவனக்குறைவு என்றும் எடுத்துக்கொண்டிருந்தோம். அவர் துல்லியமாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வால்யூமைக் கூட்டினால் என்ன? உயிர் இன்னும் உரக்கும், மெய் அங்கேயே நிற்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. இப்படிக் கெட்ட காதுக்கு மெல்லிய சத்தம் கேட்காது. ஆனால் உரத்த சத்தம் நல்ல காதுக்குக் கேட்கும் அளவுக்கே கேட்கும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி குறுகிவிடும். அதனால்தான் பெரியவர்கள் முதலில் "என்னா?" என்பதும், நாம் குரலை உயர்த்தியதும் "ஏன்டா கத்துற, எனக்கென்ன செவிடா?" என்பதும். இரண்டும் உண்மை.

*

ஹார்வி ஃப்ளெட்சர் என்ற அமெரிக்க இயற்பியலாளரை அப்பாவுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆடியோகிராம் தாளும், நான் பின்னால் வாங்கிய நடு ஸ்பீக்கரும் அவரிடம் போய்ச் சேர்கின்றன. பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த அவர், 1920களில் காதை அளக்கும் மின்கருவிகளை உருவாக்கியவர்களில் ஒருவர். தொலைபேசி கம்பெனிக்கு ஒரு கவலை இருந்தது: குரலில் எந்தப் பகுதியைக் கம்பியில் அனுப்பினால் போதும்? ஃப்ளெட்சர் பேச்சை வடிகட்டி வடிகட்டி ஆட்களைக் கேட்கவைத்தார். தாழ்ந்த சுருதிகளை வெட்டினால் குரலின் பலம் பெருமளவு போய்விடுகிறது, ஆனாலும் பேச்சு புரிகிறது. உயர்ந்தவற்றை வெட்டினால் பலம் அப்படியே இருக்கிறது, பேச்சு புரிவதில்லை. ஷெட்டில் 31 வருடம் நின்று அப்பா அறிந்துகொண்டதும் இதே முடிவுதான்.

அதே ஃப்ளெட்சர் 1933 ஏப்ரலில் இன்னொன்று செய்தார். ஃபிலடெல்ஃபியாவில் இசைக்குழு வாசித்ததைத் தொலைபேசிக் கம்பிகள் வழியே வாஷிங்டனுக்கு அனுப்பி, அங்கே ஓர் அரங்கில் ஒலிக்கவைத்தார். இடது, வலது, அவற்றோடு நடு: மூன்று மைக், மூன்று கம்பி, மூன்று ஸ்பீக்கர். வாஷிங்டனில் உட்கார்ந்து சத்தத்தின் அளவுகளைக் கட்டுப்படுத்தியவர் இசை நடத்துநர் ஸ்டொகோவ்ஸ்கி. ஏழு வருடம் கழித்து அவர்தான் டிஸ்னியின் 'ஃபேண்டேசியா'வுக்கு இசை நடத்தினார். பார்வையாளர்களைச் சுற்றி ஸ்பீக்கர் வைத்து ஓட்டிய முதல் பெரிய படம் அது. ஹோம் தியேட்டரின் குடும்ப மரத்தில் காதை அளக்கும் கருவியும் நடு ஸ்பீக்கரும் ஒரே மேஜையிலிருந்து வந்தவை. கடைகளில் இதைச் சொல்லி விற்பதில்லை. குண்டு வெடிப்பதைப் போட்டுக் காட்டித்தான் விற்கிறார்கள்.

*

எங்கள் ஹால் பத்துக்குப் பதினான்கு. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய 5.1 ரிசீவர், ஐந்து பெட்டி, ஒரு சப்ஊஃபர். 5.1 என்று பெயர் வைத்தவர் டாம்லின்சன் ஹோல்மன். ஐந்து முழு சேனல், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் பேசும் ஒரு துண்டு சேனல். துண்டு என்பதால் புள்ளி ஒன்று.

ஒயர் வேலையில் கவனிக்க வேண்டியது பிளஸ், மைனஸ். ஒரு பெட்டியில் மாறிப்போனாலும் சத்தம் வரும், ஆனால் பேஸ் செத்துவிடும், குரல் தலைக்குள் அலையும். சந்தேகம் வந்தால், சுவர்க் கடிகாரத்திலிருந்து ஒன்றரை வோல்ட் செல்லை எடுத்து ஒயரின் முனைகளில் ஒரு கணம் தொடவைத்தால் போதும். கோன் வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். உள்ளே போனால் மாற்றிக்கொள்ள வேண்டும். திண்ணை அண்ணன் சொல்லிக்கொடுத்தது. இதற்கு மேல் நம்பகமான கருவி எதையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

இடம் வைப்பதற்கு உலக அளவில் ஒரு படம் இருக்கிறது. கேட்பவர் நடுவில். நேர் எதிரே நடு ஸ்பீக்கர். முன் இரண்டும் அதிலிருந்து முப்பது டிகிரி, பின் இரண்டும் 110 டிகிரி வாக்கில். அந்த வட்டத்தின் மையத்தில் ஒரே ஒரு தலை. அப்பா மையத்தில் உட்காரும் ஆள் இல்லை. கதவோரம் அவருடைய ஒயர் நாற்காலி. காற்று வரும், தெருவில் போகிறவர்கள் தெரிவார்கள், வணக்கம் சொல்லலாம். நாற்காலியை நகர்த்த யாருக்கும் துணிவில்லை, அவசியமும் இல்லை. ரிசீவரோடு வந்த சின்ன மைக்கை அந்த நாற்காலியில், அவர் காது இருக்கும் உயரத்தில், இரண்டு தலையணை மேல் நிறுத்தினேன். ஒவ்வொரு பெட்டியாகச் சீழ்க்கை அடித்தது. மைக் கேட்டது. இடது பெட்டி 6 அடி, வலது பெட்டி 11 அடி என்று ரிசீவர் எழுதிக்கொண்டது. சத்தம் ஓர் அடி கடக்க ஏறக்குறைய ஒரு மில்லி நொடி ஆகும். அருகில் இருக்கும் பெட்டியை ரிசீவர் சில மில்லி நொடி தாமதிக்கவைத்து எல்லாச் சத்தமும் நாற்காலிக்கு ஒன்றாக வந்து சேரும்படி செய்தது. கணக்குப்படி இப்போது எங்கள் ஹாலின் நடு, கதவோரம் இருக்கிறது.

மைக்குக்கு 4000இல் பள்ளம் கிடையாது. மீதியைக் கையால் செய்தேன். நடு ஸ்பீக்கரின் அளவு ஐந்து டெசிபல் மேலே. பின் இரண்டும் மூன்று கீழே. நடுவுக்கு மட்டும் 2000இலிருந்து 4000 வரை கொஞ்சம் தூக்கல். நிறையத் தூக்கினால் வலிக்கும். பிறகு 'நைட் மோட்'. உரத்ததை அமுக்கி, மெல்லியதை உயர்த்தி, இரண்டுக்குமான தூரத்தைக் குறைக்கும் ஏற்பாடு அது. குழந்தை தூங்கும் வீட்டுக்காக வைத்தது, இடைவெளி குறுகிய காதுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. இரண்டு சேனலாக வரும் டிவியில் இதெல்லாம் செய்ய வழியே இல்லை. அங்கே வசனமும் குண்டும் மழையும் பின்னணி இசையும் ஒரே சாம்பாரில் கலந்து வருகின்றன. ஆறாகப் பிரிந்து வந்தால்தான் ஒன்றை மட்டும் எடுத்து உயர்த்த முடியும். எங்களுக்கு 5.1 தேவைப்பட்டது அந்தப் பிரிவினைக்காகத்தான்.

சப்ஊஃபரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 80 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் நாலு மீட்டருக்கு மேல். நாலரை இஞ்ச் சுவரை அது மதிப்பதே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நைட் ஷிஃப்ட் பையன்கள் மூன்று பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டாம் நாளே ஒருவன் வந்தான். "ணா, படம் பாருங்கணா, தப்பில்ல. பகல்ல மட்டும் அந்த டும் டும்மு…" அன்றிலிருந்து சாயங்காலம் ஆறு வரை சப்ஊஃபருக்கு கரண்ட் கிடையாது. வேலை தெரிந்த நண்பன் ஒருவன் வந்து கேட்டுவிட்டு, "மச்சான், 5.1 வாங்கி 1.0 பண்ணி வெச்சிருக்கியே" என்றான்.

வால்யூம் 50இலிருந்து 28க்கு இறங்கியது. அம்மா ஹாலுக்குத் திரும்பினார். முதல் வாரத்தில் ஒருநாள் ஒரு வசனத்துக்கு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தோம். அரை நொடி இல்லை. அம்மாவும் அதைக் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை, எழுந்துபோய் காப்பி போட்டார்.

*

எல்லாப் படத்துக்கும் இது நடக்காது. இந்த ஊரில் கன்னடப் படமும் தெலுங்குப் படமும் தமிழில் பேசி வரும். அவற்றை அப்பாவால் பின்தொடரவே முடிவதில்லை. காரணம் பிடிபட எனக்குக் கொஞ்சம் நாள் ஆனது. காதில் விழாத மெய்யை அவர் இவ்வளவு நாளும் உதட்டில் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். ப், ம் சொல்ல உதடு மூட வேண்டும். டப்பிங்கில் உதடு ஒரு மொழியில் மூடுகிறது, குரல் வேறு மொழியில் திறக்கிறது. 1976இல் மெகர்க், மெக்டொனால்ட் என்ற இரண்டு பேர் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. 'ப' என்ற ஒலியோடு 'க' சொல்லும் வாயைக் காட்டினால், நல்ல காது உள்ளவர்களுக்கே அது 'ட' போலக் கேட்கிறது. கண்ணும் காதும் சண்டை போட்டால் மூளை மூன்றாவதாக ஒன்றை எடுத்துக்கொள்கிறது. அப்பாவுக்குக் காதின் பக்கம் வலு குறைவு, கண்தான் ஜெயிக்கும். அந்தப் படங்களை நாங்கள் இப்போது மூல மொழியிலேயே போடுகிறோம். பட்டறையில் கற்ற தெலுங்கும் கன்னடமும் கைகொடுக்கின்றன.

இன்னொன்றை எந்த செட்டிங்கும் தொட முடியவில்லை. பின் ஸ்பீக்கரில் யாராவது கூப்பிட்டால் அப்பா முன்னால் பார்க்கிறார். இடமா வலமா என்பதை இரண்டு காதுக்கும் இடையே வரும் நேர வித்தியாசத்தை வைத்து மூளை கண்டுபிடிக்கிறது. மில்லி நொடியில் ஒரு பங்கு அது. தாழ்ந்த சுருதியே போதும், அப்பாவிடம் அது இருக்கிறது. முன்னா பின்னா என்பதற்கு அது உதவாது. நேர் முன்னாலும் நேர் பின்னாலும் இரண்டு காதுக்கும் தூரம் ஒன்றுதான். அங்கே காது மடலின் மேடு பள்ளங்கள் உயர்ந்த சுருதிகளில் செய்யும் சின்ன மாற்றங்கள்தான் அடையாளம். 4000, 5000க்கு மேலே. அப்பாவிடம் இல்லாத இடம். அவருடைய உலகத்தில் இடது உண்டு, வலது உண்டு, பின்பக்கம் என்று ஒன்று இல்லை.

சினிமாவில் இதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. பத்தலப்பள்ளி பக்கம் சர்வீஸ் ரோட்டில் சைக்கிளில் போகும்போது உண்டு. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் அவர் எதிரே பார்த்து ஓரம் ஒதுங்குகிறார். இது தெரிந்த பிறகு அவர் சைக்கிளில் இரண்டு பக்கமும் கண்ணாடி பொருத்தினேன். பைக் கண்ணாடிதான், கிளாம்ப் போட்டு முறுக்கியது. சரவுண்ட் சவுண்டுக்கு நான் செய்த வேலைகளிலேயே பயனுள்ளது அந்தக் கண்ணாடி என்று நினைக்கிறேன். காதுக்கருவியை அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் கேட்டால், "மறுபடியும் காதுல எதையாச்சும் சொருகணுமா?" என்கிறார்.

அப்பா வேலை பார்த்த காலத்திலேயே இதற்குச் சட்டம் இருந்தது. 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய தொழில் நோய்களின் பட்டியல். இரைச்சலால் வரும் காதுக்குறைவு அதில் இருந்தது. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் இருந்தது. எட்டு மணி நேர ஷிஃப்டுக்கு 90 டெசிபல் உச்சம். 95 என்றால் நாலு மணி நேரம், 100 என்றால் இரண்டு மணி நேரம் என்று எல்லை வகுத்திருந்தார்கள். அந்த ஷெட்டில் யாராவது மீட்டரோடு வந்து அளந்தார்களா என்று அப்பாவிடம் கேட்டேன். "கரண்ட் மீட்டர் பாக்க வருவாங்க" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உள்காதின் மயிர்ச்செல்கள் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. பீஸ் ரேட்டில் அடித்த லட்சக்கணக்கான அடிகளில் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டதற்கு எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே ஆவணம் அந்த ஆடியோகிராம். ரிட்டயர் ஆகிச் சில வருடம் கழித்து எடுத்தது. இப்போது அதைக் கொண்டுபோய் யாரிடமும் எதையும் கேட்க முடியாது என்று விசாரித்த இடங்களில் சொன்னார்கள்.

பக்கத்து வீட்டுப் பையன்கள் மாதத்துக்கு ஒரு ஞாயிறு எங்கள் ஹாலில் படம் பார்க்க வருகிறார்கள். அந்த நாட்களில் மட்டும் சப்ஊஃபருக்குப் பகலிலும் கரண்ட் உண்டு. சூளகிரிப் பக்கம் ஸ்டாம்பிங் லைனில் இருப்பவன் போன முறை ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தான். நீல நூலில் கோத்த ஆரஞ்சு நிற இயர் பிளக் கழுத்தில் மாலை மாதிரித் தொங்கியது. புத்தம் புதிதாக, அழுக்கே இல்லாமல் இருந்தது. அப்பா நாற்காலியிலிருந்து எட்டி அந்த நூலைப் பிடித்து அவனை அருகில் இழுத்தார்.

"இத எங்க போடச் சொல்லிக் குடுத்தாங்க?"

"காதுலதான் அங்கிள். போட்டா சூப்பர்வைசர் கூப்பிடறது கேக்க மாட்டேங்குது. அதான்…"

அவன் தரையைப் பார்த்துச் சொன்னதால் அப்பாவுக்குப் பாதி புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் அவருக்கு நேராகத் திரும்பி, உதடு தெரியும்படி திரும்பச் சொன்னேன். கேட்டுவிட்டு நூலை விடாமலே, "அவரு தேவைன்னா வந்து தோளத் தட்டுவாரு. நீ போடு" என்றார்.

பையன் சிரித்துக்கொண்டே பிளக்கை எடுத்துக் காதில் செருகிக் காட்டினான். நான் படத்தைப் போட்டேன்.